பழுப்புத்தாளில் பாதங்கள்

ஒரு பாதத்தைத் தாளில் வரைந்தெடுப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள், அப்படி வரைந்து ஒருமுறையும் ஷூ வாங்காதவர்களாகத்தான் இருக்கவேண்டும். பென்சில் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்தாலே போதும், அதன் நுனி பாதத்துக்கு அடியில் நுழைந்துவிடும். தாளில் விழுகிற பாதம் நிஜப் பாதத்தைவிடக் கால் அங்குலம் சிறுத்துப்போகும். உட்கார்ந்தபடி வரைந்தாலும் தப்புத்தான். எழுந்து நிற்கும்போது உடம்பின் பாரம் முழுக்கக் கீழே இறங்கி, பாதம் அகலும், நீளும். காலையில் எடுத்த அளவு மாலையில் கடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கோ கூச்சம் அதிகம். பென்சில் பட்டதும் விரல்களை மடக்கிக்கொள்ளும்.

அமெரிக்காவின் தென்பகுதியில், ஆல்டன்வில் நகரத்தில் இதையெல்லாம் சரியாகத் தெரிந்துவைத்திருந்தவள் வெர்னெல் டிஸ்டேல்.

அங்கே பெரிய தெருவில் விட்லாக் கடை இருந்தது. மூன்று தளம், எட்டுக் கண்ணாடி ஜன்னல். கறுப்பினத்தவர் உள்ளே போகலாம், காசு கொடுத்து வாங்கலாம். ஷூவைக் காலில் போட்டுப் பார்க்கக் கூடாது, தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒருமுறை வைத்துவிட்டால் அது உங்களுடையது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். அதனால் எல்லோரும் பழுப்புத்தாளில் பாதத்தை வரைந்து, வெட்டி, பையில் போட்டு எடுத்துப்போவார்கள். விற்பனைப் பெண் அந்தத் தாளை ஷூவுக்குள் நுழைத்துப் பார்த்து, "பொருந்துது" என்பாள். தாளுக்குப் பொருந்தும், காலுக்குப் பொருந்துமா என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

வெர்னெல் அதே கடையின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருடமாகத் துணிகளை ஆல்ட்டர் செய்துவந்தாள். எந்தக் கம்பெனி ஷூ அதில் போட்டிருக்கிற எண்ணைவிடச் சின்னது, எந்தக் கம்பெனிக்காரன் குதிகாலில் கஞ்சத்தனம் செய்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சனிக்கிழமை பிற்பகல்களில் அவளுடைய சமையலறையில் கூட்டம் இருக்கும். தரையில் தாளை விரித்து ஒவ்வொருவராக நிறுத்துவாள்.

"ரெண்டு கால்லயும் சமமா பாரம் போடு. நாலு தடவை நடந்துட்டு வந்து நில்லு. ஆங், இப்ப மூச்சை விடு."

காசு வாங்கமாட்டாள். பன்றித்துண்டு போட்டு வேகவைத்த கீரையோ, பாதி வெண்ணெய் கேக்கோ மேசைமேல் வந்துசேரும்.

ஒவ்வொரு பாதத்தையும் அவள் இரண்டு தாளில் வரைவாள். ஒன்று வந்தவருக்கு. இன்னொன்றில் பெயரும் தேதியும் எழுதித் தன் பெட்டியில் வைத்துக்கொள்வாள். போன வருடத்துத் தாளின்மேல் இந்த வருடத்துத் தாளை வைத்து, பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதில் அவளுக்கு ஒரு ஆசை. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. ரயில் பணிமனையில் வேலை பார்க்கும் கணவன் ரான்சம் மட்டும்தான்.

பொறுமை அவளுக்கு இயல்பிலேயே இருந்தது. வாக்காளராகப் பெயர் பதிய மூன்று முறை நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய்த் திரும்பியவள் அவள். நான்காவது முறை பெயர் ஏறியது. அதன்பிறகு முப்பத்தோரு பேரைக் கூட்டிக்கொண்டு அதே படிகளை ஏறியிருக்கிறாள். பாஸ்டர் பர்விஸின் சபையில் உரிமைக் கமிட்டி ஒன்று அமைந்தபோது, கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலையை அவளிடம் கொடுத்தார்கள். இது கடை முதலாளி விட்லாக்குக்குத் தெரியாது.

1961 பிப்ரவரியில் கமிட்டி ஒரு முடிவெடுத்தது. விட்லாக் கடையில் எல்லோரையும்போல உட்கார்ந்து, போட்டுப் பார்த்து வாங்க விடுகிறவரை அங்கே ஒரு நூல்கண்டுகூட வாங்குவதில்லை. அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் இரண்டாம் தேதி. தலையிலிருந்து கால்வரை புதுசு போடாமல் ஈஸ்டர் ஆராதனைக்கு வருவதென்பது அந்தச் சபையில் யாரும் கண்டிராதது. விட்லாக்குக்கும் வருடத்தில் பெரிய வியாபாரம் ஈஸ்டருக்கு முந்தைய ஆறு வாரம்தான். அதனால்தான் அந்த நாளைக் குறிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்டதும் சபை முழுக்கக் கை தூக்கியது.

அடுத்த சனிக்கிழமை வெர்னெலின் சமையலறையில் ஆறு பெண்கள் பிள்ளைகளோடு நின்றார்கள்.

முன்னால் நின்றவள் ஓலா பீ சக்ஸ். லாண்டரியில் வேலை, நான்கு பிள்ளைகள். "வாங்கப் போறதில்ல சிஸ்டர்," என்றாள். "அளவு மட்டும் எடுத்து வெச்சுக்கறோம். நாளைக்கே பாஸ்டர் சரின்னுட்டார்னா கையில தாள் இருக்கணுமில்ல?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குளோட்டெல் சிரித்தாள். அவள் அடுத்த தெருவில் அழகு நிலையம் நடத்துகிறவள், வெர்னெலின் பள்ளித்தோழி. "நோன்பு இருக்கறவ தட்டைக் கழுவித் துடைச்சு வெச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

"உன்னை யாரும் கேக்கல."

"என்னை யாரும் கேக்கறதில்லம்மா. நானா சொல்லிடறேன்." குளோட்டெல் வெர்னெல் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நான் ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷமா அந்தக் கடையில நமக்கு நாற்காலி ஏன் இல்ல?"

"ஏன்னா அவங்க போடல."

"போடத் தேவையே இல்ல. நாற்காலி இங்க இருக்கு, உன் சமையலறையில. நீ முடி அளவுகூடப் பிசகாம எடுத்துக் குடுக்கற. ஷூ கச்சிதமா உக்காருது. உக்கார்ந்தா எவ போய்ச் சண்டை போடுவா?"

வெர்னெலுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிள்ளைகளின் கால் புண்ணாகாமல் இருக்கட்டும் என்று ஆரம்பித்த காரியம் இது. ஆனால் எந்தப் பொருளும் எப்படி நிற்கிறது, எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பது அவள் சுபாவம். குளோட்டெல் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. ஒரு கெட்ட ஏற்பாட்டின் பல்சக்கரங்களுக்கு இத்தனை நாளும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது அவள் கைதான்.

பென்சிலை மேசைமேல் வைத்தாள். "இனிமே அளவு எடுக்கறதில்ல."

"இன்னைக்கா?"

"இனிமேயே. அளவு எடுக்க வேண்டியது கடைக்காரன்."

ஓலா பீயின் முகம் மாறியது. "அப்ப என் புள்ளைங்க ஈஸ்டருக்குக் கட்டைவிரல் தெரியற ஷூவுல வரணுமா? ஏற்கெனவே கிழிஞ்சு கிடக்கு. கடைக்கும் போகக் கூடாது, நீயும் அளக்கமாட்ட. உனக்கென்ன சிஸ்டர், உனக்குப் புள்ளையா குட்டியா."

ஓலா பீ தான் சொன்னதைக் கேட்டு அவளே திகைத்த மாதிரி நின்றாள். பிறகு பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கிழிந்த ஷூவோடு ஆறு வாரம் எந்தத் தாயும் தாக்குப்பிடிக்கமாட்டாள். நான்கு பேர் கடைக்குள் போனால் நாற்பது பேர் பின்னால் போவார்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் வெர்னெல் பெட்டியிலிருந்த தாள்களையெல்லாம் கூடத்துத் தரையில் பரப்பினாள். முந்நூறுக்குமேல் இருந்தன. ரான்சம் காபிக் கோப்பையோடு வாசலில் நின்று, கால் வைக்க இடமில்லாமல் பார்த்தான்.

"என்ன, ஊர் முழுக்க நம்ம வீட்டுல ஏறி நிக்குது?"

"அதேதான். உள்ள வராத, மிதிச்சுடுவ."

அவள் யோசித்தது இது. ஈஸ்டருக்கு வாங்கும் ஷூவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போடுவார்கள். வருடத்துக்கு ஐம்பது தடவை, அதுவும் சில மணிநேரம். அடித்தோல் தேய்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். அப்படிப் போடமுடியாமல் போன நல்ல ஷூக்கள் எல்லார் வீட்டுக் கட்டிலுக்கடியிலும் டப்பாவில் கிடக்கும். எந்தப் பிள்ளைக்குப் போன வருடம் என்ன அளவு என்பது தரையில் கிடக்கிறது. எந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன அளவு இருக்கும் என்பதையும் கணக்குப் போடலாம்: ஆறு வயதுக்குள் என்றால் ஒரு கட்டைவிரல் நகம் கூட்டு, பத்து வயது என்றால் அதில் பாதி.

இரண்டு தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓலா பீயின் இரண்டாவது பையனுக்கு அவள் கணக்குப்படி கூட்டி வரைந்த இந்த வருடத்துப் பாதம், சபையின் டீக்கன் வீட்டு மூன்றாவது பையனின் போன வருடத்துப் பாதத்தோடு கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது.

அங்கிருந்து அது சங்கிலியாக நீண்டது. டீக்கன் வீட்டுப் பையனுக்குப் பள்ளி ஆசிரியையின் மகனுடையது. அவனுக்குத் தச்சர் வீட்டுப் பையனுடையது. ஒவ்வொருவரும் தன்னைவிடப் பெரியவனிடம் வாங்கி, தன்னைவிடச் சின்னவனிடம் கொடுக்கவேண்டும். சங்கிலியின் அடியில் இரண்டு ஜோடிக் குழந்தை ஷூ மிஞ்சியது. மேல் நுனியில்தான் சிக்கல்: பதினைந்து வயதுப் பையன்களுக்குக் கொடுக்க மேலே யாருமில்லை. அவர்களுக்கு அப்பாக்களின் ஷூவில் அட்டையும் கம்பளியும் வெட்டி உள்ளே ஒட்டினால் ஆயிற்று. இருட்டுவதற்குள் தொண்ணூற்றாறு பிள்ளைகளில் எண்பத்தெட்டுப் பேருக்கு ஜோடி கண்டுபிடித்துவிட்டாள்.

ஆனால் கணக்கில் வராத ஒன்று இருந்தது. அதைக் குளோட்டெல்தான் சொன்னாள்.

"டீக்கன் பொண்டாட்டி ஓலா பீ பையனோட காலைப் பார்த்து, 'அட, இது நம்ம வீட்டு ஷூ'ன்னு ஒரு தடவை கண்ணைக் காட்டினா போதும். ஓலா பீ அன்னைக்கே விட்லாக் கடை வாசல்ல நிப்பா."

"அப்ப என்ன பண்றது?"

"அடையாளம் தெரியாம பண்ணணும். ஊர்ல இருக்கற தலைக்கெல்லாம் சாயம் போடறவ நான். ஷூவுக்குப் போட மாட்டேனா?"

இரண்டு சனிக்கிழமைகள் சபையின் கீழறையில் வேலை நடந்தது. டப்பாக்கள் வந்து குவிந்தன; ஜோடி கிடைக்காத எட்டுப் பேருக்கும் அவற்றிலேயே கிடைத்தது. வெள்ளையும் சிவப்பும் பழுப்புமாக வந்தவையெல்லாம் குளோட்டெலின் கையில் ஒரே கறுப்பாயின. ரான்சம் பணிமனை ஆட்கள் இருவரோடு உட்கார்ந்து குதிகால் அடித்தான். இறுக்கமானவற்றுக்குள் ஈரச் செய்தித்தாளைத் திணித்து மூன்று நாள் வைத்து நெகிழ்த்தினாள் வெர்னெல். தாள் காயும்போது தோல் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் புதுக் கயிறு, பக்கத்து ஊரில் வாங்கியது.

இரண்டாவது சனிக்கிழமை ஓலா பீ படியிறங்கி வந்தாள். ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு வெர்னெலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, "அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள்.

"குதிகால்ல இன்னும் கொஞ்சம் தேய். அங்க பத்தல," என்றாள் வெர்னெல்.

விட்லாக்கின் ஷூ பகுதியில் சனிக்கிழமைகள் காற்று வாங்கின. ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை அவர் பாஸ்டரைப் பேச அழைத்தார். பாஸ்டர் கமிட்டியிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும்; குறிப்பு எழுதுகிற வெர்னெலைக் கேட்டார். கூடப் போனால் வேலை நிலைக்காது என்று வெர்னெலுக்குத் தெரியும். காலையில் ரான்சமிடம் சொன்னாள்.

"போச்சுன்னா போகட்டும்," என்றான் அவன். "என் கால்சட்டை ஓரம் ரெண்டு வருஷமா பிரிஞ்சு கிடக்கு. அதுக்காவது நேரம் வரும்."

மூன்றாம் தளத்து அறையில் விட்லாக் நிமிர்ந்து பார்த்தார். "வெர்னெல், நீ இங்க என்ன பண்ற? யாருக்கு அளவு எடுக்கணும்?"

"யாருக்கும் இல்லைங்க. நான் கமிட்டியில இருக்கேன்."

விட்லாக், எதிர்பாராத விதமாக, சிரித்தார். "நல்லதாப் போச்சு. நான் சொல்ல வந்ததே உன்னை வெச்சுத்தான். பர்விஸ், கேளு. கீழ்த்தளத்துல வெர்னெல் அறையில ஒரு நாற்காலி போடறேன். கண்ணாடி ஒண்ணு வெக்கறேன். உங்க ஜனங்க அங்க உக்கார்ந்து என்ன வேணா போட்டுப் பாக்கட்டும். வெர்னெலே போட்டுவிடுவா. இன்னையிலேர்ந்து அவ விற்பனையாளர், சம்பளமும் அதுக்கு ஏத்தபடி. இந்தத் தெருவுல எந்தக் கடையிலயும் இப்படி ஒருத்தி இல்ல. நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

பாஸ்டர் மெல்லத் தலையசைத்தார். ஈஸ்டருக்கு நான்கே நாள். சபையின் பாதிப் பெண்கள் ஜன்னல் கண்ணாடியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு போவதை அவர் கண்டிருந்தார். "இது ஒரு முதல் படிதான்..." என்றார்.

வெர்னெலுக்கும் ஆசை வராமலில்லை. மார்பில் பெயர் அட்டை குத்திக்கொண்டு நிற்பதை ஒரு கணம் கற்பனை செய்தாள். பிறகு அந்த நாற்காலியைக் கற்பனையில் கீழ்த்தளத்தில் போட்டுப் பார்த்தாள். எங்கே போட்டாலும் அது அவளுடைய சமையலறை மாதிரியே இருந்தது.

"ஷூ பகுதியில ஏற்கெனவே ஒன்பது நாற்காலி இருக்குங்க," என்றாள். "அதுல ரெண்டு எப்பவும் காலியாத்தான் இருக்கு. புதுசா எதுக்கு?"

விட்லாக்கின் குரல் தடித்தது. "ஷூ போட்டுவிடறது எப்படின்னு உனக்குத் தெரியும். என் கடைப் பொண்ணு வாடிக்கையாளர் கால்கிட்ட உக்காரணும். குதிகாலைக் கையில ஏந்தணும். உங்க கால்கிட்ட என் பொண்ணுங்க மண்டி போடணுங்கறியா?"

"மண்டி போடறது எப்படின்னு எனக்கு நல்லாவே தெரியுங்க. பத்தொம்பது வருஷமா வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டு, இந்தக் கடைக்கு வர்ற ஒவ்வொரு அம்மா கால்கிட்டயும் மண்டி போட்டுத்தான் பாவாடை ஓரம் மடிக்கறேன். முட்டி தேஞ்சு போகல. மரியாதையும் குறையல. வேலை அது. உங்க பொண்ணுங்க பண்றதும் வேலைதான்."

விட்லாக் பாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"இந்த ஏற்பாடு எங்களுக்கு வேணாங்க," என்றாள் வெர்னெல்.

"கீழ போய் உன் கத்திரிக்கோலை எடுத்துக்க," என்றார் விட்லாக்.

வெளியே நடைபாதையில் பாஸ்டர் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். "சிஸ்டர் டிஸ்டேல், பதில் சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நீங்க சரின்னிருப்பீங்க, பாஸ்டர்."

அவர் கொஞ்சதூரம் நடந்து யோசித்தார். "சொல்லியிருப்பேன்தான்," என்று ஒப்புக்கொண்டார்.

ஈஸ்டர் அன்று சபைக்குள் நுழைந்த தொண்ணூற்றாறு பிள்ளைகளும் கறுப்பு ஷூ போட்டிருந்தார்கள். எது யாருடையது என்று பெற்றவர்களுக்கே தெரியவில்லை. பெண்கள் போன வருடத்துத் தொப்பியில் வந்தார்கள். சிலர் தொப்பியே இல்லாமல், குளோட்டெல் சீவிவிட்ட தலையோடு வந்தார்கள். திங்கட்கிழமை விட்லாக் கடையின் எட்டு ஜன்னல்களிலும் வெள்ளை ஷூக்கள் வரிசை கலையாமல் இருந்தன. ஈஸ்டருக்குப் பிறகு ஈஸ்டர் ஷூவை யாரிடம் விற்பது?

வெர்னெல் தன் தையல் இயந்திரத்தைக் குளோட்டெலின் அழகு நிலையத்தில் ஒரு ஓரமாகப் போட்டாள். கடையில் அவளிடம் தைத்துப் பழகிய இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். அங்கே வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஒரே வாசல்தான். வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

ஏப்ரல் கடைசி வாரம் விட்லாக் பாஸ்டருக்குத் தொலைபேசியில் இரண்டே வாக்கியம் சொன்னார். செவ்வாய்க்கிழமையிலிருந்து யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பத்திரிகைக்குச் சொல்ல வேண்டாம்.

அது உண்மைதானா என்று யாராவது போய்ப் பார்க்கவேண்டும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வெர்னெல் போனாள். ஓலா பீ நான்கு பிள்ளைகளோடு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றாள். ஏதாவது தகராறு என்றால் பாஸ்டருக்கு ஆள் அனுப்புவது அவள் பொறுப்பு.

வெர்னெல் நடுவிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் நினைத்திருந்ததைவிட அது மெத்தென்று இருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு பெண்மணி பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள், எழுந்து போகவில்லை.

விற்பனைப் பெண் திருமதி ரோப்பர் வந்தாள். அவளுடைய மகளின் கல்யாண உடுப்பை வெர்னெல்தான் இடுப்பில் பிடித்துக் கொடுத்திருந்தாள். ரோப்பரின் கழுத்து சிவந்திருந்தது. சரிவான முன்பக்கம் கொண்ட சின்ன ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரும்பு அளவுத் தட்டைத் தரையில் வைத்தாள்.

"என்ன அளவு போடறீங்க?"

நீங்க என்று அவள் வாயிலிருந்து வருவது இதுதான் முதல் தடவை. அது இருவருக்குமே கேட்டது.

"ஏழு," என்றாள் வெர்னெல். "எழுந்து நிக்கறேன். பாரம் போட்டு நின்னாத்தான் சரியா வரும்."

எழுந்து தட்டின்மேல் நின்றாள். ரோப்பர் நகரும் பிடியை விரல் நுனிவரை தள்ளினாள். குனிந்து பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். "எட்டு வருதே. வலதுகால் எட்டுக்கும் கொஞ்சம் மேல."

வெர்னெல் நம்பாமல் கீழே பார்த்தாள். பிறகு காரணம் புரிந்தது. ஊர்க்காரர் எல்லோருடைய பாதத்தையும் அவள் வரைந்தாள். அவள் பாதத்தை அவளேதான் வரைந்துகொண்டாள். குனிந்து தன் காலைத் தானே வரையும்போது பாரம் குதிகாலுக்குப் போய்விடுகிறது, விரல்கள் சுருங்கிக்கொள்கின்றன. இவ்வளவு காலமும் ஒரு அளவு சின்ன ஷூவில் நடந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அப்ப எட்டே எடுத்துட்டு வாங்க," என்றாள்.

நீல ஷூ வந்தது. போட்டு, கண்ணாடி வரைக்கும் நடந்து, பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். பழுப்பு வந்தது, அது குதிகாலில் நழுவியது. வார் வைத்தது, வார் இல்லாதது, வெள்ளை. ஐந்தாவது ஜோடியைக் கழற்றியபோது தரை முழுக்க டப்பாக்களும் மெல்லிய தாள்களுமாகக் கிடந்தன. ரோப்பரின் கழுத்துச் சிவப்பு எப்போதோ மறைந்துபோயிருந்தது. எல்லா வாடிக்கையாளர்களிடமும் வருகிற அலுப்பு அவள் முகத்தில் வந்துவிட்டிருந்தது.

"எதைக் கட்டட்டும்?"

வெர்னெல் தன் பழைய ஷூவுக்குள் காலை நுழைத்துக் கயிற்றை முடிச்சுப் போட்டாள். "எதுவும் மனசுக்குப் பிடிக்கலை," என்றாள். "நீலத்துல புதுசா வேற மாதிரி எதாவது வந்தா, பாக்கறேன்."

ரோப்பர் ஒரு கணம் விழித்தாள். பிறகு, "சரிங்க," என்று சொல்லி, டப்பாக்களை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தாள்.

வெர்னெல் வெறுங்கையோடு வாசலைத் தாண்டி வந்தாள். தெருவைக் குறுக்கே கடந்து ஓலா பீ ஓடிவந்தாள். "என்னாச்சு? பை எங்க? குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?"

"குடுத்தாங்க. எனக்குத்தான் பிடிக்கல."

"பிடிக்கலன்னு சொல்லிட்டா வந்த?"

"ஆமா."

ஓலா பீ அவளையும் கடையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"போ, உள்ள போ," என்றாள் வெர்னெல். "நாலு நாற்காலி காலியா இருக்கு. பிள்ளைங்களை நேரா நிக்கச் சொல்லு. விரலை மடக்கப் போறாங்க."